பதில்: வெள்ளவத்தை 8 பேர்ச் காணி, பழைய பிளான் போதுமா?

கொழும்பு வெள்ளவத்தையில் 8 பேர்ச் காணியில் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட, கையிலுள்ள பழைய பிளான் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. உங்களிடம் இருப்பது 1987 எல்லை பிளான். அதில் மட்டம், அதாவது நிலத்தின் உயர விவரம், இல்லை. கட்டடக் கலைஞர் கேட்பது அதைத்தான்.

முதலில் உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் உறுதியையும் (காணிப் பத்திரம்) பழைய பிளானையும் கொடுத்து, எல்லைக் கற்களைத் தேடச் சொல்லுங்கள். மதிலை எல்லையாக நம்ப வேண்டாம். பக்கத்து மதில் 60 அடி நீளத்துக்கு அரை அடி உள்ளே வந்திருந்தால் 30 சதுர அடி போச்சு, அதாவது 0.11 பேர்ச். பரப்பில் அது சிறிது; வீட்டுக்கும் எல்லைக்கும் நடுவே விடும் பக்க இடைவெளியில் அந்த அரை அடி வலிக்கும்.

மட்ட அளவைக்கு 3 மீட்டர் கட்டங்களில் புள்ளிகள் எடுத்தால் இந்த அளவுக் காணிக்குப் போதும். வீதியின் நடு, ஓரம், பக்கத்து வீட்டுத் தரை, மரங்கள், மின்கம்பம் எல்லாம் வர வேண்டும்.

பலர் விடுவது வீதிக் கழிவுநீர் மேன்ஹோலின் அடிமட்டம், அதாவது உள்ளே கழிவுநீர் ஓடும் அடிப்பகுதியின் உயரம். மூடியின் மட்டத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 4 அங்குலக் கழிவுக் குழாயை 1:40 சரிவில் போட்டால் 20 மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம் தேவை. அடிமட்டம் தெரியாமல் தரை மட்டத்தை முடிவு செய்தால், கழிவுநீர் தானாக ஓடாமல் போகலாம்; பிறகு பம்ப்தான் கதி.

ஆதார மட்டப் புள்ளியை (மற்ற உயரங்களை எல்லாம் ஒப்பிடும் புள்ளி) இடிக்கப்போகும் பழைய வீட்டுப் படியில் குறிக்க விடாதீர்கள், வீதியோர மதகில் ஆணி அடிக்கச் சொல்லுங்கள். வீதி அகலிப்பு உங்கள் காணியைத் தொடுமா என்று காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழை மாநகர சபையில் இப்போதே கேளுங்கள். வீதி அகலிப்புக்கு முன்பக்கம் போகுமானால் வரைபடமே மாறும்.