பானெட்டுக்குள் இது என்ன பெட்டி? கேள்வி பதில்

பழைய கார் வயரிங் பற்றி வட சென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு வியாசர்பாடி ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் பதில்கள்.

ராயபுரம்: அண்ணா, அப்பாவின் அம்பாசிடர் மார்க் 2. பேட்டரி பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி, அடியில் ஐந்து ஒயர். ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டி என்பதால் "அது சும்மாதான் இருக்கு, கழட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. அது டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முன் பேட்டரியை சார்ஜ் பண்ணிய பழைய ஜெனரேட்டர்) காலத்து ரெகுலேட்டர். பட்டறையில் கட்-அவுட் என்றே சொல்வோம். மூடியைத் தூக்கினால் இரண்டு செம்புக் கம்பிச் சுருள், தலையில் தொட்டுப் பிரியும் சின்னச் சின்ன பாயிண்ட் தெரியும். ஒரு சுருள் வோல்டேஜ் எகிறாமல் பிடிக்கும். இன்னொன்று, டைனமோ 13 வோல்ட் பக்கம் வந்தால்தான் பேட்டரியோடு சேர்த்துவிடும். ஐட்லிங்கில் இறங்கினால் பிரித்துவிடும். பிரிக்காவிட்டால் பேட்டரி சார்ஜ் எல்லாம் டைனமோ வழியாகவே திரும்ப இறங்கிப்போகும்.

ஆல்டர்னேட்டரில் சார்ஜ் திரும்ப இறங்காமல் தடுக்கும் வேலையை உள்ளே இருக்கும் டயோடே பார்த்துக்கொள்கிறது. அந்த வகையில் மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் பெட்டிக்கு அடியில் துணியால் துடைத்துப் பாருங்கள். டி, எஃப், இ, ஏ, ஏ1 என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். டி, எஃப் இரண்டும் டைனமோவுக்கு. இ எர்த். ஏ பேட்டரிக்கு, ஏ1 லைட்டுக்கும் இக்னிஷனுக்கும். ஆல்டர்னேட்டர் மாட்டும்போது பலர் டி, எஃப் ஒயரை மட்டும் மாற்றிவிட்டு, ஏ, ஏ1 இரண்டையும் பெட்டியிலேயே விட்டிருப்பார்கள். அப்படியானால் வண்டியின் மொத்த கரண்டும் இன்னும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது. பெட்டியைக் கழற்றினால் வண்டி செத்துப்போகும். முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றி, ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று விரலால் பிடித்துக்கொண்டே போங்கள். என்னைக் கேட்டால் பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், பழைய வண்டிக்கு அதுதான் அழகு.

தண்டையார்பேட்டை: பத்மினியின் டைனமோ மேல் சுண்டுவிரல் அளவு அலுமினியக் குப்பி, ஒரே ஒரு ஒயர். எதற்கு?

ரேடியோவில் கொர்ரென்ற சத்தம் வராமல் இருக்க வைத்த கண்டன்சர். ஒயரைப் பிரித்தாலும் வண்டி ஓடும். திரும்ப மாட்டும்போது டைனமோவின் பெரிய டெர்மினலில்தான் மாட்ட வேண்டும், ஃபீல்டு (எஃப்) டெர்மினலில் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பதும் கண்டன்சர்தான், ஆனால் வேலை வேறு, அளவு வேறு. அதற்குப் பதிலாக இதைப் போட்டால் பிளாட்டினம் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்) சீக்கிரம் தேய்ந்துபோகும்.

புது வண்ணாரப்பேட்டை: காயில் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டி, தொட்டால் சுடுகிறது. ஷார்ட்டா?

இல்லை சார், பேலஸ்ட் ரெசிஸ்டர். சுடுவதுதான் அதன் வேலை. ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்கு முழு 12 வோல்ட் போகாமல் குறைத்துக் கொடுக்கும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் பேட்டரி கரண்ட் நேராகப் போகும். "வீண்" என்று யாராவது நேர் ஒயர் இழுத்தால் காயில் வெந்துவிடும். செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் அணைந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

பெரம்பூர்: தாத்தாவின் ஹெரால்டில் செல்ஃப் ஒயர் போகும் உருண்டையின் மேல் ரப்பர் மூடி. அமுக்கலாமா அண்ணா?

அமுக்கலாம்மா, ஆனால் கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்க வேண்டும். அது சோலனாய்டு, செல்ஃப் மோட்டாருக்கு கரண்டைச் சேர்த்துவிடும் சுவிட்ச். அமுக்கினால் சாவி இல்லாமலே இன்ஜின் சுற்றும். டேப்பட் (வால்வு இடைவெளி) செட் பண்ண ஒற்றை ஆளுக்கு இதைவிட வசதி கிடையாது.

காசிமேடு: பெட்டி எல்லாம் சரி அண்ணே, டெர்மினல் பச்சையாகப் பூத்திருக்கிறதே?

உப்புக்காற்று. பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு எமரி பேப்பரில் தேய்த்து, மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். பாடியோடு சேரும் எர்த் நட்டையும் விடாதீர்கள். பாதிப் பேர் புது ரெகுலேட்டர் வாங்கிவிட்டு அப்புறம்தான் அந்த நட்டைப் பார்க்கிறார்கள்.