ஜெபம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை எங்கே தூங்கும்?

கேள்வி: என் இருபது வருடத் தோழிக்கு அடுத்த மாதம் கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை. இருவரும் ஒரே சபை, ஒரே பாடகர் குழு. வெள்ளிதோறும் உபவாசம் இருந்து அவளுக்காக ஜெபிக்கிறேன். ‘விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்’ என்று யாக்கோபு 5-ம் அதிகாரத்தில் இருக்கும்போது, ‘உமது சித்தப்படி ஆகட்டும்’ என்று ஜெபிப்பது அவிசுவாசமா? அவள் கணவர் கத்தாரில் இருக்கிறார், விடுப்பு கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை ஒரு வாரம் எங்கள் வீட்டில் விடலாமா என்று கேட்டாள். என் மகன் ப்ளஸ் டூ என்பதால், ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நான் எப்படி ஜெபிக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டவரும் உமது சித்தம் என்று சொன்னவரும் இயேசு ஒருவரே. நீங்களும் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். உங்கள் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. ‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்.’ நம் சபைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வந்த வரன் பிடிக்கவில்லையா, கைமாற்று கொடுக்க மனமில்லையா, உடனே இந்தப் பதில்தான். மாட்டேன் என்று நேராகச் சொன்னால் மனஸ்தாபம் நமக்கு. இப்படிச் சொன்னால் பழி கர்த்தருக்கு. உங்கள் தோழியும் சபையில் வளர்ந்தவர்தானே? கேட்ட மாத்திரத்தில் அவருக்குப் புரிந்திருக்கும்.

யாக்கோபின் 5-ம் அதிகாரத்தைக் காட்டுகிறீர்கள். 2-ம் அதிகாரத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள்? உடுப்பும் அன்றாட ஆகாரமும் இல்லாதவர்களிடம், சமாதானமாகப் போங்கள், பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவரும் அதே யாக்கோபுதான்.

மகன் ப்ளஸ் டூ என்பதெல்லாம் ஒரு காரணமா? அவன் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கட்டும். நீங்கள் அந்தப் பிள்ளையோடு அறையில் படுங்கள். வயதுப் பையன் இருக்கும் வீடு என்பதுதான் உண்மையான தயக்கம் என்றால் அதற்கும் இதுவே வழி. தாய் ஆஸ்பத்திரியில், தகப்பன் கடல் கடந்து. இருபது வருடத் தோழி அந்தப் பிள்ளைக்குச் சித்தி இல்லாமல் வேறு என்ன? ரத்த உறவுக்கு மட்டும்தான் கடமை என்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஒரு வாரம் என்று அவர் கேட்டதுகூடக் கூச்சத்தால்தான். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை என்றால் ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். ஒரு குடம் தண்ணீரைக்கூட நகர்த்த முடியாது. வீடு திரும்பிய பிறகு தண்ணீர் பிடிப்பதும் உலை வைப்பதும் யார்? அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைதான். பரீட்சை அவளுக்கும் உண்டு, அம்மா.

இன்று சாயங்காலமே தோழி வீட்டுக்கு நேரில் போங்கள், போனில் வேண்டாம். எத்தனை நாள் என்று பேச்சே எடுக்காதீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் சேரும் அன்றே பிள்ளையின் சீருடையும் புத்தகப் பையும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் தோழியின் கையைப் பிடித்து ஜெபியுங்கள், சுருக்கமாக. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் நம் ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அல்ல.

வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட வேண்டாம். பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு இருங்கள்.