காத்தாடி ஊரில் லோ வோல்டேஜ் ஏன்?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. வள்ளியூர் பக்கம் எனக்கு வாழைத்தோட்டம். சுற்றிலும் கரண்ட் எடுக்கிற காத்தாடி, கூப்பிடு தூரத்தில் கூடங்குளம். ஆனாலும் எல்லாரும் மோட்டார் போடுகிற நேரத்தில் 400 காட்ட வேண்டிய வோல்ட் மீட்டர் 320-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே கோடையில் இரண்டு தடவை காயில் கட்டியாச்சு. பெரிய ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம் தம்பி, அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். ஸ்டெபிலைசர் லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுத்துத்தான் உங்களுக்குத் தூக்கிக் கொடுக்கும், அதனால் லைனில் வோல்டேஜ் இன்னும் விழும், பக்கத்துத் தோட்டக்காரரும் ஒன்று வாங்குவார், அப்புறம் எல்லாருக்கும் இறக்கம்தான். 1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் நடந்தது இதன் பெரிய வடிவம்: மதிய வெயிலில் லோடு ஏறியது, வோல்டேஜ் சரிந்தும் ஏசிகள் கரண்ட் இழுப்பதைக் குறைக்கவில்லை, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது.

மோட்டாருக்கு இரண்டு தேவை. தண்ணீர் இறைக்கிற பவர் ஒன்று, காந்தப்புலத்துக்காக வந்து வந்து போகும் ரியாக்டிவ் பவர் இன்னொன்று. முதலாவது கூடங்குளத்திலிருந்து எவ்வளவு தூரமும் போகும். இரண்டாவதைத் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் லைனே வழியில் தின்றுவிடும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் வருகிற கதைதான். பழைய காத்தாடிகளோ இண்டக்ஷன் வகை, உங்கள் மோட்டாரைப் போலவே ரியாக்டிவ் பவர் கேட்கிறவை.

320 வோல்ட் என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு என்று தோன்றும். ஆனால் மோட்டாரின் சுற்றுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும், 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 64 சதவீதம்தான். எங்கள் கிணற்றடியில் பார்த்திருக்கிறேன்: ஸ்டார்ட்டரை அமுக்கினால் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும், ஷெட்டுக்குள் வார்னிஷ் கருகும் வாடை வரும், ஓடிப்போய் நிறுத்துவதற்குள் காயில் போயிருக்கும். வயிற்றைப் பிசைகிற வாடை அது.

அதனால் அந்த ரியாக்டிவ் பவரை அங்கேயே கொடுக்கிற கெப்பாசிட்டரை மோட்டார் பக்கத்திலேயே வையுங்கள், ஸ்டார்ட்டருக்கு அப்புறம், மோட்டார் நின்றால் அதுவும் நிற்கிற மாதிரி. எச்.பி.க்கு ஏற்ற அளவுதான், பெரிதாகப் போடக் கூடாது. வோல்டேஜ் விழுந்தால் கெப்பாசிட்டர் கொடுப்பதும் அதே 64 சதவீதம்தான், ஆகவே நீங்கள் ஒருவர் மட்டும் வைத்தால் பெரிய பலன் இராது, அந்த லைனில் இருக்கிற எல்லாரும் வைக்க வேண்டும்.

எல்லா மோட்டாரும் நிற்கும்போது மீட்டரைப் பாருங்கள். அப்போதும் குறைவென்றால் டிரான்ஸ்பார்மரில் டேப், அதாவது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற இணைப்பை, மாற்றச் சொல்லுங்கள். ஓடும்போது மட்டும் விழுந்தால் லைன் நீளமோ, கம்பி மெலிவோ, டிரான்ஸ்பார்மரில் லோடு அதிகமோ, சேர்ந்து மனு கொடுங்கள். ஒன்று, ஆஃப் செய்த கையோடு கெப்பாசிட்டர் முனையைத் தொட்டுவிடாதீர்கள், உள்ளே சார்ஜ் நிற்கும்.