மஞ்சள் வயரும் மழைத் தண்ணீரும்: ஏர்பேக் விளக்கு பற்றி மும்பை வாசகர்கள் கேட்டவை

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கும்போதுதான் பலர் டேஷ்போர்டை உற்றுப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விளக்கைப் பற்றியவை. உட்கார்ந்திருக்கும் ஆள், அவன் நெஞ்சுக்கு முன்னே ஓர் உருண்டை. அந்தப் படம் போட்ட விளக்கு. செம்பூரில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் வயரிங் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

*ஜூலையில் கிங் சர்க்கிளில் தண்ணீரில் மாட்டிக்கொண்டோம். கால்மிதி மட்டும் நனைந்தது, இருக்கைவரை ஏறவில்லை. காயவைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் கழித்து இப்போது ஏர்பேக் விளக்கு எரிகிறது. அந்தத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?*
— பள்ளி ஆசிரியை, சயான்

உண்டு. கம்பளத்தின் மேற்புறம் காய்ந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு லேசில் காயாது. போன வருடம் இதே கிங் சர்க்கிள் தண்ணீரில் நின்ற ஒரு வண்டி வந்தது. கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கம்பள நுனியைத் தூக்கி, பஞ்சை இரண்டு விரலால் அழுத்தினேன். ஏழு வாரம் கழிந்திருந்தும் விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. நாற்றம் தனி.

அந்த ஈரத்துக்கு ஒரு சாண் மேலே, முன் இருக்கையின் அடியில், மஞ்சள் கனெக்டர் ஒன்று இருந்தது. பக்கவாட்டு ஏர்பேக்குக்குக் கம்பி அதன் வழியாகத்தான் போகிறது. சில வண்டிகளில் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனருக்கும் அங்கேதான். மஞ்சள் நிறம் என்பது ஏறத்தாழ எல்லாக் கம்பெனிகளும் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை. கழற்றிப் பார்த்தேன். இரண்டு பின்களில் ஒன்று புதிதுபோல இருந்தது. மற்றதில், புளி போட்டுத் தேய்க்காத செம்புச் சொம்பில் ஏறுவதுபோலப் பச்சைக் களிம்பு.

ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி சந்தேகப் பிராணி. சாவியைத் திருப்பியதும் ஒவ்வோர் ஏர்பேக்குக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி மின்தடையை அளக்கும். வண்டி ஓடும்போதும் விடாது. சுமார் 2 ஓம் இருந்தால் அதற்குத் திருப்தி. களிம்பு மேலும் ஓரிரண்டு ஓம் சேர்த்துவிட்டால் பழுது என்று குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும். ஹெட்லைட் வயரில் இதே களிம்பு ஏறியிருந்தால் வெளிச்சம் மங்கும், அவ்வளவுதான். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். களிம்பு அந்த அளவுக்கு ஏற உங்கள் வண்டியில் இரண்டு மாதம் பிடித்திருக்கிறது.

இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது விளக்கின் போக்கு மாறினால் பழுது இந்தக் கனெக்டரில்தான் என்று ஓரளவு சொல்லலாம். மாறாவிட்டாலும் சந்தேகம் தீராது. சில வண்டிகளில் ஒருமுறை எரிந்த விளக்கு சாவியை அணைக்கும்வரை அணையாது. அதற்கு மேல் நீங்கள் கைவிட்டுத் துழாவ வேண்டாம். மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைக்கட்டும். பின் அரித்துப்போயிருந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி கியருக்கு அருகே, நடுமேட்டின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் தண்ணீர் போன தடம் தெரிந்தால் மாற்றுவதுதான் வழி. வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவது இதில் நடக்காது.

*ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் பாட்டுப் பொத்தான்களும் அப்படியே. கூடவே ஏர்பேக் விளக்கு. மூன்று பழுதா, ஒன்றா?*
— வாடகைக் கார் ஓட்டுநர், முலுண்ட்

ஒன்று. கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள், கடிகாரத்தின் சுருள்வில்போலச் சுற்றிவைத்த தட்டையான ரிப்பன் கேபிள் இருக்கும். சக்கரம் சுழன்றாலும் கம்பி அறாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஹாரன், பொத்தான்கள், ஓட்டுநர் ஏர்பேக் மூன்றுக்கும் அதுதான் பாதை. நாள் முழுக்க முலுண்ட் சந்துகளில் சக்கரத்தை ஒடித்துக்கொண்டிருந்தால் ரிப்பன் ஒருநாள் விரிசல் விடத்தான் செய்யும். ஹாரன் போனதால் மும்பையில் வண்டி ஓட்ட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்பேக் போனதுதான் பெரிது, ஐயா. இந்த நிலையில் அது விரியும் என்று நம்ப முடியாது.

மாற்றும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கும் நடுவில் நிற்க வேண்டும். புதியதை நடுவில் பூட்டியே அனுப்புவார்கள். மாட்டும்வரை அந்தப் பூட்டை எடுக்கக் கூடாது. பூட்டு போய்விட்டதென்றால் மெதுவாக ஒரு கோடிவரை சுழற்றி, அங்கிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வர வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் முதல் யூ-டர்னிலேயே புது ரிப்பன் அறுந்துபோகும். இரண்டு மாதத்தில் மூன்று கிளாக் ஸ்பிரிங் மாற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. மூன்றும் ஒரே பக்கம் திரும்பும்போது அறுந்தவை. 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரரிடம் மூன்று முறையும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

*ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன். ஏர்பேக் நல்லதா என்று மல்டிமீட்டரால் ஓம் பார்க்கலாமா? நான் வேலை பழகும் கராஜில் ஓர் அண்ணன் டெஸ்ட் லாம்ப் போதும் என்கிறார்.*
— மாணவர், தாராவி 90 அடி சாலை

தம்பி, முதலில் அந்த அண்ணன் கையிலிருந்து டெஸ்ட் லாம்பை, அதாவது வயரில் மின்சாரம் வருகிறதா என்று பல்பை எரியவிட்டுப் பார்க்கும் அந்தக் கருவியை, வாங்கி வையுங்கள்.

ஏர்பேக்கைப் பற்றவைப்பது ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் வெடிமருந்தும். பொதுவாக 1.2 ஆம்பியர், வெறும் 2 மில்லிசெகண்ட் பாய்ந்தால் பற்றிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். சுமார் 0.4 ஆம்பியர்வரை பற்றாது என்பது பாதுகாப்பு எல்லை. இப்போது டெஸ்ட் லாம்பில் 21 வாட் பல்பு இருந்தால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர். 5 வாட் பல்புகூட 0.4 ஆம்பியரைத் தொட்டுவிடும். பல்பு எரிகிறதா என்று குனிந்து பார்க்கும் முகம் எங்கே இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

மல்டிமீட்டருக்கு வருகிறேன். பழைய முள் மீட்டரில் சிறிய ஓம் அளவில் 100 மில்லியாம்பியருக்கு மேல் போகக்கூடும். டிஜிட்டல் மீட்டர் விடுவது மிகச் சொற்பம். அப்படியானால் டிஜிட்டலில் பார்க்கலாமே என்பீர்கள். கூடாது என்றுதான் எல்லா சர்வீஸ் புத்தகங்களும் சொல்கின்றன, நானும் செய்வதில்லை. மீட்டருக்கு உள்ளே என்ன பழுது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தவிர, அது உங்களை ஏமாற்றவும் செய்யும். இந்த மஞ்சள் கனெக்டர்களில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். கனெக்டரைப் பிரித்த உடனே ஏர்பேக் பக்கத்து இரு முனைகளையும் அது சேர்த்துவிடும், நிலைமின்சாரத்தால் வெடிக்காமல் இருக்க. அது தெரியாமல் அளந்தால் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டும். 'ஷார்ட்' என்று நல்ல ஏர்பேக்கைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

நான் செய்வது இது. பெட்டி குறித்துவைத்த பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பழுது எண்ணை எழுதிக்கொள்கிறேன். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுகிறேன். பிறகு காத்திருக்கிறேன். விபத்தில் பேட்டரி வயர் அறுந்தாலும் ஏர்பேக் விரிவதற்காகப் பெட்டிக்குள் கப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும், புத்தகத்தைப் பார்க்க வேண்டும். நான் எந்த வண்டியானாலும் ஒரு கட்டிங் சாய் குடித்து, பத்து நிமிடம் ஆன பிறகுதான் தொடுவேன். ஏர்பேக்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டர் உள்ள சோதனைப் பிளக்கை மாட்டி, பேட்டரியைக் கொடுத்து, மறுபடி ஸ்கேன். பழுது போய்விட்டால் குற்றவாளி ஏர்பேக் அல்லது அதன் கனெக்டர். போகவில்லையென்றால் கிளாக் ஸ்பிரிங், வயர், பெட்டி என்று பின்னோக்கிப் போக வேண்டும். என் அனுபவத்தில் ஏர்பேக்கே கெட்டுப்போனது அரிது. கனெக்டரும் கிளாக் ஸ்பிரிங்கும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

கழற்றிய ஏர்பேக்கை மேசையில் வைக்கும்போது மூடி மேலே பார்க்கட்டும். குப்புற வைத்து வெடித்தால் அது ராக்கெட்.

*நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஸ்கேனர் 'பழுது எதுவும் இல்லை' என்கிறது. விளக்கு எரிகிறதே?*
— அந்தேரி

அது எஞ்சினை மட்டும் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறது. ஏர்பேக் பழுது எண்கள் 'பி' (B) எழுத்தில் தொடங்கும்; அந்தப் பெட்டியுடன் பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

*2018 மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஸ்டியரிங்கில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறது. அந்த விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. நல்ல விஷயம்தானே?*
— டோம்பிவிலி

கெட்ட விஷயம். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது வேறொரு விளக்கோடு சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள்.

இதைவிடத் தந்திரமான வேலையும் நடக்கிறது. தாராவித் தம்பிக்குச் சொன்னேனே 2 ஓம் ரெசிஸ்டர், அதையே நிரந்தரமாக மாட்டிவிடுவது. பெட்டி ஏர்பேக் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், மூடிக்குள் ஒன்றும் இருக்காது. மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி விற்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் விளக்கைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், ஸ்டியரிங் மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பயணி பக்க டேஷ்போர்டின் நிறம் மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா, சீட் பெல்ட் முழு நீளத்துக்கு வந்து திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். ஒருமுறை ஏர்பேக் வெடித்த வண்டியில் பெல்ட்டும் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். உங்களுடையது அதற்கு முந்தியது. ஏர்பேக் இல்லாத ரகத்துக்கு வேறு வண்டியின் ஸ்டியரிங்கை மாட்டியிருக்கலாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சொல்லிவிடுவார்கள். குர்லா சிஎஸ்டி சாலையில் மலிவாகப் பழைய ஏர்பேக் ஒன்று வாங்கி மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கதவு, கண்ணாடி, பம்பர் அங்கே வாங்குங்கள். இதை வாங்காதீர்கள்.

*ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் விளக்கு சரியாகத்தான் இருக்கிறது. போக வேண்டுமா?*
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மாட்டுங்கா

உடனே போங்கள். விளக்குக்குத் தெரிந்தது மின்சுற்று மட்டும். உள்ளே இருக்கும் மருந்து கெட்டதா என்று அதற்குத் தெரியாது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது சீர்கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே பிளந்து துண்டுகளாக வீசியது. உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். 2017இல் நிறுவனமே திவாலானது. உங்கள் கடிதம் அதைப் பற்றியதா, வேறா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் மும்பைப் புழுக்கத்தில் நிற்கும் வண்டிக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

*பேட்டரி இறங்கி, பக்கத்து வண்டியிலிருந்து எடுத்து ஸ்டார்ட் செய்த நாளிலிருந்து விளக்கு எரிகிறது.*
— பாண்டுப்

மின்னழுத்தம் விழுந்ததைப் பழுதாகக் குறித்திருக்கலாம். முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். பிறகு அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் கதை முடிந்தது.

*மஞ்சள் வயரை எலி கடித்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார். மூன்று நாளில் மறுபடி விளக்கு. எலிக்கு என்ன செய்வது?*
— வாஷி

முறுக்கிய இணைப்பு ஆடும். ஆடினால் மின்தடை மாறும். மாறினால் பெட்டி கண்டுபிடித்துவிடும். மற்ற வயர்களில் செல்லுபடியாகும் வித்தை இதில் ஆகாது. பெரும்பாலான கம்பெனிகள் அந்தப் பகுதி வயரிங்கையே மாற்றச் சொல்கின்றன. செலவுதான், ஆனாலும் மாற்றுங்கள். எலிக்கு என்னிடம் மருந்தில்லை. என் கடையிலேயே இரண்டு உலாவுகின்றன.