சிரிப்பு நடிகன் உருக்கமாகப் பாடக் கூடாதா?

கேள்வி: நான்கு வருடமாக ஒரு நாடகக் குழுவில் நகைச்சுவை வேடம் போடுகிறேன். எனக்குப் பாட்டும் வரும். ஆனால், உருக்கமான பாட்டை எடுத்தாலும் சபை சிரிக்கிறது. "உனக்கு எதுக்குப்பா பாட்டு? காமெடியைப் பாரு" என்கிறார் எங்கள் இயக்குநர். பாட்டை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: விட்டுவிடாதீர்கள் தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய சினிமாவின் சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்தான் நினைவுக்கு வந்தார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் இருந்தவர் அவர். அந்தக் காலத்து நாடகக்காரர்களுக்குப் பாட்டும் நடிப்பும் ஒரே தொழில். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

சினிமாவுக்கு வந்த பிறகும் அந்த மேடைப் பழக்கம் அவரிடம் இருந்தது. 'நல்லதம்பி' (1949) படத்தில் அவர் செய்யும் கிந்தனார் காலட்சேபத்தை, அதாவது பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்வதை, தேடிக் கேளுங்கள். சிதம்பரம் போக ஏங்கிய பக்தரின் கதையான நந்தனார் சரித்திரத்தின் நடையை எடுத்துக்கொண்டு, படிப்புக்கு ஏங்கும் ஒரு சேரிப் பையனின் கதையைச் சொல்கிறார். வயிறு குலுங்கச் சிரிக்கிறோம், அவர் தாளத்தை விடுவதே இல்லை. காலட்சேபம் செய்யும் பாகவதரைப் போல உட்கார்ந்து கதை சொல்லத் தெரிந்ததால்தான் அந்தக் கேலி அவ்வளவு எடுபடுகிறது. அதே சிரிப்போடு பையனின் ஏக்கமும் நமக்குள் இறங்கிவிடுகிறது. எனக்கு எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத இடம் அது.

சரி, சபை சிரிப்பதற்கு வருவோம். அதற்கு இன்னொரு சிரிப்பு நடிகரான ஜே.பி.சந்திரபாபுவின் பாட்டைக் கேளுங்கள். குரலை உடைத்து, உருட்டி எத்தனையோ வித்தை காட்டியவர். 'பெண்' (1954) படத்தில் வீணை வித்துவானும் நடிகருமான எஸ்.பாலசந்தருக்கே பின்னணி பாடியவர். அப்படிப்பட்டவர் 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில் 'பிறக்கும் போதும் அழுகின்றாய்' பாடும்போது அந்த வித்தைகளை ஒதுக்கி வைத்துவிடுகிறார். வார்த்தையை அதன் போக்கில் விடுகிறார். எனக்குத் தெரிந்து அந்தப் பாட்டைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை.

உங்கள் விஷயத்தில் என் ஊகம் இது: காமெடிக்குப் பழகிய புருவமும் கையும் பாட்டிலும் கூடவே வருகின்றன. சபை பாட்டைக் கேட்பதற்குள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுகிறது. போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம், வேறு யாருடைய சுருதியையோ பிடித்து உச்சத்தில் திணறாமல், உங்கள் குரலுக்கு வசதியான சுருதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாவது ஒரு ஆசிரியரிடம் கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களான சரளி, ஜண்டை வரிசை பழகுங்கள். தாளம் கையில் நின்றால் வசனத்தில் எங்கே நிறுத்துவது என்பதும் பிடிபடும். உங்கள் காமெடிக்கும் அது லாபம்தான்.

இயக்குநரிடம் முழுப் பாட்டு கேட்காதீர்கள். உங்கள் வேடம் நொந்துபோகும் ஒரு காட்சியில் நாலு வரி மட்டும் கேளுங்கள். முன்னால் எழுந்த சிரிப்பு முழுவதும் அடங்கட்டும். அதன் பிறகு, கையை அசைக்காமல், மெதுவாக ஆரம்பியுங்கள்.