பல கம்பெனி கேமரா, ஒரே ரெக்கார்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஒரே கம்பெனியின் ஐபி கேமரா இரண்டு, வேறு கம்பெனியின் வைஃபை கேமரா ஒன்று, கோஆக்சியல் கேபிளில் ஓடும் பழைய கேமரா ஒன்று, கேட்டில் பேட்டரி கேமரா ஒன்று இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவு செய்ய எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

பதில்: பணத்தைக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். அதே ரவுட்டரில் லேப்டாப்பை இணைத்து, விஎல்சி பிளேயரில் 'மீடியா' மெனுவுக்குள் 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' திறந்து, கேமராவின் ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க்கில் வீடியோவை அனுப்பும் முறை) முகவரியைக் கொடுங்கள். முகவரி கேமராவின் கையேட்டில் இருக்கும். போர்ட் பெரும்பாலும் 554. படம் வந்தால் அந்தக் கேமராவைப் பிற கம்பெனி ரெக்கார்டரிலும் பெரும்பாலும் சேர்த்துவிடலாம்.

வரவில்லை என்றால் உடனே கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். பல மாடல்களில் ஆர்டிஎஸ்பியும், வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ள உதவும் பொதுத் தரமான ஆன்விஃபும் அணைக்கப்பட்டே வருகின்றன. ஹிக்விஷன் கேமராவில் ஆன்விஃபை இயக்கி, அதற்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்க வேண்டும். டாப்போ கேமராவில் ஆப்பில் நுழையும் கணக்கு இதற்கு உதவாது. அமைப்புகளில் 'கேமரா அக்கவுண்ட்' என்று வேறொன்றை உருவாக்க வேண்டும். பேட்டரி கேமரா மட்டும் விதிவிலக்கு. மின்சாரத்தை மிச்சப்படுத்த அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருப்பதால், தொடர்ந்து படம் தராது. அதை அதன் மெமரி கார்டோடு விட்டுவிடுங்கள்.

கோஆக்சியல் கேமராவை, ஐபி கேமராக்களுக்கான ரெக்கார்டரான என்விஆர் ஏற்காது. அந்த ஒன்றுக்காக எக்ஸ்விஆர் எனப்படும் கலப்பு ரெக்கார்டர் வாங்கலாம். கேமராவின் சிக்னல் வகை டிவிஐயா, சிவிஐயா, ஏஎச்டியா என்று பார்த்து, அந்த வகையை எக்ஸ்விஆர் ஏற்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை ஐபி சேனல், எத்தனை மெகாபிக்சல் வரை என்றும் கேளுங்கள். '8 சேனல்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சில மாடல்களில் ஒரு அனலாக் சேனலை அணைத்தால்தான் அந்த இடத்தில் ஒரு ஐபி கேமரா சேரும். அந்தப் பழைய கேமரா எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால், அதை மாற்றிவிட்டு என்விஆர் வாங்குவதே என் பரிந்துரை.

என்விஆரின் பின்னால் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) போர்ட்கள் இருப்பது வசதிதான், ஆனால் பல கம்பெனி கேமரா உள்ள வீட்டில் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கும். பல மாடல்களில் அந்தப் போர்ட்கள் வீட்டு ரவுட்டரிலிருந்து பிரிந்த தனி நெட்வொர்க். ரவுட்டரின் வரிசையில் நிலையான ஐபி வைத்திருக்கும் கேமராவை அங்கே செருகினால், கேமராவுக்கு மின்சாரம் கிடைக்கும், படம் வராது. அதனால் தனி பிஓஇ ஸ்விட்ச் ஒன்றில் கேமராக்களைச் செருகி, அதையும் என்விஆரின் லேன் போர்ட்டையும் ரவுட்டரோடு இணையுங்கள். அப்போது, அமைப்புப் பக்கம் உள்ள கேமராக்களின் பக்கத்தை லேப்டாப்பிலிருந்து நேராகத் திறக்கலாம். ஸ்விட்ச் 802.3ஏஎஃப் தரத்தில் இருக்கட்டும், போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். 24 வோல்ட் 'பாசிவ்' வகைக் கேமரா அதில் உயிர் பெறாது. ரவுட்டரில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஐபியை ஒதுக்கிவையுங்கள். இல்லையென்றால் மின்வெட்டுக்குப் பிறகு முகவரி மாறி, சேனல் கறுப்பாகிவிடும்.

கேமராவில் எச்.264+ அல்லது எச்.265+ போன்ற 'பிளஸ்' வகைச் சுருக்கத்தை அணைத்துவிடுங்கள். முழு ஃபிரேம்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அது நீட்டிவிடுவதால், வேற்று ரெக்கார்டரில் பிளேபேக் தாவித் தாவி ஓடும். நொடிக்கு 15 ஃபிரேம் வைத்தால் ஐ-ஃபிரேம் (முழு ஃபிரேம்) இடைவெளியையும் 15 என்றே வையுங்கள். ஆள், வண்டி என்று பிரித்தறியும் வசதி கம்பெனி மாறும்போது பெரும்பாலும் தொலைந்துபோகும். அசைவை மட்டும் நம்பாமல் 24 மணி நேரமும் பதிவு செய்வது பாதுகாப்பு.

கணினி பழக்கம் உள்ளவர்களுக்கு ரெக்கார்டருக்குப் பதில் கணினியிலேயே பதிவு செய்யும் மென்பொருள்களான விண்டோஸில் புளூ ஐரிஸ், லினக்ஸில் ஃப்ரிகேட் நல்ல மாற்று. இரண்டுக்கும் கேமராவின் கம்பெனி ஒரு பொருட்டல்ல.

கேள்வி: விஎல்சியில் படம் தெரிகிறது. அதே பாஸ்வேர்டை ரெக்கார்டரில் ஆன்விஃபில் கொடுத்தால் 'தவறு' என்கிறது. ஏன்?

பதில்: ஆன்விஃபுக்கென்று தனிப் பயனர் வைக்கும் கேமரா என்றால், கொடுத்தது அந்தப் பாஸ்வேர்டுதானா என்று பாருங்கள். அது சரி என்றால், கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். ஆன்விஃப் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாது. அன்றைய தேதி, நேரத்தோடு கலந்து குறியாக்கி அனுப்பும். ரெக்கார்டரின் நேரத்துக்கும் கேமராவின் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் கேமரா மறுத்துவிடும். மின்வெட்டுக்குப் பின் தேதி 1970க்குப் போய்விடும் கேமராக்களில் இது அடிக்கடி நடக்கும். எல்லாக் கருவிகளிலும் ஒரே என்டிபி (நேரத்தைச் சரிசெய்யும்) சர்வரையும் ஒரே நேர மண்டலத்தையும் கொடுங்கள். பிறகு இரண்டு கேமராக்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலையில் ஓடும் நொடிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். சில கேமராக்கள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: 4 கேமரா, 30 நாள் பதிவு. எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க்?

பதில்: நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நாளுக்கு 10.8 ஜிபி பிடிக்கும். கேமராவுக்கு 4 மெகாபிட் என்றால், நான்குக்கும் நாளுக்கு 172.8 ஜிபி, 30 நாளுக்கு 5,184 ஜிபி. 6 டிபி வாங்குங்கள். 4 டிபி 23 நாளில் நிரம்பிவிடும். இரவு பகலாக எழுதுவதற்கென்று வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவையே நல்லது. வாங்குமுன், அந்த அளவு டிஸ்க்கை உங்கள் ரெக்கார்டர் ஏற்குமா என்று அதன் விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.