வின்னிபெக் நிலவறையும் பந்திங் ஈரச் சுவரும்

கேள்வி: மலேசியாவில் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பட்டணத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். என் மகள் கனடாவின் வின்னிபெக் நகரில், 1950களில் கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். பனி உருகும் மாதங்களில் நிலவறையின் ஒரு மூலையில் தண்ணீர் கசிகிறது. நான்கு பக்கமும் அஸ்திவாரம் வரை தோண்டி, தண்ணீரை வடிக்கும் குழாய் பதிக்க வேண்டும் என்று குத்தகையாளர் சொல்கிறாராம். தொகையைக் கேட்டு மகள் பயந்துவிட்டாள். தோண்டத்தான் வேண்டுமா? என் வீட்டுச் சுவரிலும் அடியில் ஈரம் ஏறுகிறது. அதே குழாயை நானும் பதிக்கலாமா?

பதில்: ஐயா, கசிவது ஒரு மூலை, தோண்டச் சொல்வது நான்கு பக்கம். கணக்கு இடிக்கிறது. அந்த மூலைக்கு நேர் மேலே, வெளியில் என்ன இருக்கிறது என்று முதலில் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அந்த ஊரில் ஒன்பது குளிர்காலம் கட்டட வேலை பார்த்தவன். இப்படி அழைத்த வீடுகளில் பெரும்பாலும் கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் அந்த இடத்தில்தான், சுவரோடு ஒட்டி முடிந்திருக்கும். நூறு சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். நான்கு குழாய் இருந்தால் ஒவ்வொன்றும் அறுநூறு லிட்டருக்கு மேல் சுவரின் காலடியில் கொட்டுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு அஸ்திவாரத்தில் குழாய் பதிப்பது, ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே வாளி வைப்பது போன்றது.

களிமண்ணைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. கேரித் தீவு முதல் பந்திங் வரை கடல் விட்டுப்போன களியில்தான் செம்பனை நிற்கிறது. கால்வாய் வெட்டி, கரை கட்டி, கடல் வற்றும் நேரம் பார்த்து மடைக்கதவைத் திறந்துதான் அந்தத் தோட்டங்கள் பிழைக்கின்றன. வின்னிபெக் மண்ணும் இதற்கு ஒருவகையில் உறவுதான். பனியுகத்தின் முடிவில் அங்கே அகஸி என்ற மாபெரும் ஏரி கிடந்தது. அது வடிந்தபோது விட்டுச் சென்ற களியின் மேல்தான் நகரம் உட்கார்ந்திருக்கிறது. தரையும் நம் கடலோரத்தைப் போலவே தட்டை.

களி தண்ணீருக்குச் சுலபத்தில் வழிவிடாது. அப்படியென்றால் நிலவறைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? வீடு கட்டும்போது சுவருக்கு வெளியே அகலமாகத் தோண்டி, வேலை முடிந்ததும் அதே மண்ணைத் தளர்வாகத் தள்ளி மூடியிருப்பார்கள். சுற்றிலும் கெட்டிக் களி, சுவரோரம் மட்டும் தளர்ந்த மண். தொட்டிக்குள் வீட்டை இறக்கி வைத்த கதைதான். ஆண்டுகள் போகப் போக அந்த மண் அமுங்கி, தரை வீட்டை நோக்கியே சாய்ந்துவிடும். வசந்தத்தில் மேல்மண் சில அங்குலம் இளகினாலும் அடியில் இன்னும் உறைந்தே கிடக்கும். உருகிய பனிநீர் கீழே இறங்க முடியாமல் மேலாக ஓடி, வீட்டின் சூட்டில் முதலில் இளகும் சுவரோரத்துக்கு வந்து சேரும். மகள் வீட்டில் அந்த மாதங்களில் கசிவதற்குக் காரணம் இதுதான்.

கசிவு பாதித் தொல்லை, மீதி உறைபனி. அங்கே நிலம் ஆறடிக்கும் கீழே உறைவதுண்டு. தண்ணீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு பருக்கிறது. அது போதாதென்று, உறையும் மண் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி, அடுக்கடுக்காகப் பனித்தகடு கட்டுகிறது. சுவரை ஒட்டிய ஈரக்களி உறைந்தால் சுவரைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கும், உள்ளேயும் தள்ளும். எனவே சுவரோரத்தைக் காயவைப்பது அங்கே தரைவிரிப்பைக் காப்பாற்றும் வேலை மட்டுமல்ல.

மகள் இந்தக் கோடையிலேயே செய்ய வேண்டியவை: கூரையோரத் தண்ணீர்ப் பீலியில் அடைந்த இலைகளை வார வேண்டும். இறங்கு குழாய்களை ஆறடியாவது வெளியே நீட்ட வேண்டும். சுவரிலிருந்து முதல் பத்தடிக்கு ஆறு அங்குலம் சரியும்படி களிமண்ணையே கொட்டி இறுக்க வேண்டும். மணல் வேண்டாம், மணல் தண்ணீரை உள்ளே அழைத்துப் போகும். பழைய வீடு என்பதால், அடியில் அந்தக் காலத்துச் சுட்ட மண் வடிகுழாய்கள் துண்டு துண்டாகச் சேர்த்துப் பதிக்கப்பட்டிருக்கலாம். அதற்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு என்றால் கழுவியே சரிசெய்ய முடியும். கூடவே, ஈரமான இடத்தில் ஒரு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடட்டும். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் கசிவு. அறைப் பக்கத்தில் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். அதற்கு மண்வெட்டி எதற்கு?

இதற்குப் பிறகும் அடுத்த வசந்தத்தில் கசிந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் தோண்டட்டும். அப்போது குத்தகையாளரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியவை உண்டு. தோண்டுமுன் எரிவாயு, மின்சாரக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று குறித்தாக வேண்டும். ஆள் உயரப் பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. களி நிற்பது போல நின்று ஒரே நொடியில் சரியும். சுவரைத் தாங்கும் கான்கிரீட் அடிமானத்துக்குக் கீழே ஒரு அங்குலம்கூடத் தோண்டக் கூடாது. சுவரைக் கழுவி, விரிசலை அடைத்து, நீர்புகாப் பூச்சு பூசி, அதன்மேல் குமிழ் குமிழாக எழும்பிய கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பை மாட்ட வேண்டும். அந்தக் குமிழ்களின் இடைவெளியில் தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும்.

துளையிட்ட வடிகுழாய், விட்டம் 100 மில்லிமீட்டர், அடிமானத்தின் பக்கவாட்டில். அதன் மேல்மட்டம் நிலவறைத் தரைக்குக் கீழே இருக்க வேண்டும். துளைகள் கீழ்நோக்கி. துளை மேலே இருந்தால்தானே தண்ணீர் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலத்தடி நீர் கீழிருந்துதான் உயரும். துளை கீழே இருந்தால் முன்னதாகவே பிடித்துவிடலாம். குழாயின் மேலும் பக்கத்திலும் ஆறு அங்குலமாவது கழுவிய ஜல்லி, அதைச் சுற்றி வடிதுணி. குழாய்க்கு மட்டும் துணியுறை மாட்டினால் களியின் நுண்துகள் சீக்கிரம் அடைத்துவிடும். தோண்டிய களியைச் சுவரோரம் மீண்டும் தள்ளவே கூடாது. ஜல்லியோ பருமணலோ நிரப்ப வேண்டும். நீர் நிற்காத ஜல்லி உறைந்து சுவரைக் கவ்வாது. மேலே கடைசி ஓரடி மட்டும் களிமூடி, சரிவாக.

இப்படி ஜல்லியில் பதிப்பதை அங்கே பிரெஞ்சு வடிகால் என்பார்கள். பிரான்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1859இல் பண்ணை நிலங்களின் வடிகால் பற்றி எழுதிய அமெரிக்கர் ஹென்றி ஃப்ளாக் பிரெஞ்சு என்பவரின் பெயர் அது. ஆக, இது உங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களின் வித்தைதான்.

தட்டையான ஊரில் குழாய்த் தண்ணீர் எங்கே போகும்? நிலவறைக் குழியில் சேர்த்து, பம்பு வைத்து இறைக்க வேண்டும். உங்கள் மடைக்கதவு செய்யும் வேலையை அங்கே பம்பு செய்கிறது. என் முதல் குளிர்காலத்தில் ஒரு வீட்டில் வெளியேற்றும் குழாயைச் சரிவில்லாமல் விட்டுவிட்டேன். உள்ளே நின்ற நீர் உறைந்து, பம்பு இரவெல்லாம் முக்கி, மோட்டார் கருகியது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. புது மோட்டாரின் ரசீதை மட்டும் நீட்டினார். பழைய வீடுகளில் இந்தக் குழாயைச் சாக்கடையோடு இணைத்திருப்பதும் உண்டு. அதை மாற்றுமுன் நகராட்சியைக் கேட்கட்டும்.

இனி உங்கள் வீடு. வேண்டாம், அந்தக் குழாயைப் பதிக்காதீர்கள். இங்கே நிலவறையும் இல்லை, உறைபனியும் இல்லை. மழை மட்டும் மூன்று நான்கு மடங்கு. தட்டை நிலத்தில் மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசுதான் குடியேறும். கடலோரக் களியில் வீடு பைலிங் (ஆழத்தில் இறக்கிய தூண்கள்) மேல் அசையாமல் நிற்கும், சுற்றியுள்ள தரை ஆண்டுதோறும் அமுங்கும். சுவரோரச் சிமெண்டுத் தளம் சுவரைவிட்டுப் பிரிந்து, அந்த இடுக்கில் மழை இறங்கும். வீட்டோரக் கால்வாயும் வீட்டுப் பக்கமாகவே சாய்ந்துவிடும். இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இழுபடும் அடைப்புப் பசையால் மூடுங்கள்; வெறும் சிமெண்டுப் பூச்சு அடுத்த ஆண்டே வெடிக்கும். பூந்தொட்டிக்காகச் சுவரோரம் மண்ணை மேடாக்கியிருந்தால் வீட்டுத் தரைமட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வரும்வரை அள்ளுங்கள். பிறகு மழையில்லாத நாளில் கால்வாயின் மேல்முனையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்துக்கும் ஈரச் சுவருக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதினால், கால்வாயை எந்தப் பக்கம் உயர்த்திப் பூச வேண்டும் என்று சொல்கிறேன்.